ஒத்தப் பக்கம்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் உத்திரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் விடிந்ததும் விடியாததுமாகக் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவற்றில் கிடத்துவார்கள். கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று தெரிந்து, திரும்பாமலே, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை அத்தனை பிள்ளைகளுக்கும் அம்மா ஒருத்திதான். ஜீவராணி.

எந்தத் தொட்டிலில் அழுகை கேட்டாலும் அது பாலுக்கா, ஈரத்துக்கா, வெறும் வீம்புக்கா என்று அடுக்களையில் நின்றபடியே சொல்லிவிடுவாள். தலவாக்கலையிலிருந்து இரண்டு மலை தள்ளி இருக்கும் அந்த மேல் டிவிசனில், இன்று பெரிய வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள்தான்.

அவளும் அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள்தான். பாடசாலையில் நன்றாகப் படித்தாள். சாதாரண தரப் பரீட்சையில் தமிழும் சமயமும் வரலாறும் அவளைத் தூக்கிவிட்டன. கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. மறுபடி எழுதினாள், மறுபடியும் வாரியது. டீச்சராக வேண்டும் என்று நினைத்திருந்தவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். சிவசாமியைக் கட்டினாள், நிலக்ஷியைப் பெற்றாள், மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு மாறினாள். சிவசாமி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். சில தீபாவளிக்கு வந்தான். பிறகு தீபாவளி மட்டும் வந்தது.

"பாவம், ஒத்தப் பொம்பள." அவளைப் பற்றிப் பேசும்போது யாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். தலையில் அழுத்தும் கூடைக் கயிற்றைப் போல, அந்தச் சொல்லையும் அவள் நெற்றி பழகிப்போய்ச் சுமந்தாள்.

இந்த வருடம் நிலக்ஷிக்குச் சாதாரண தரப் பரீட்சை. ஜீவராணி தற்காலிகமாகப் பார்த்துவந்த பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் வேலை இனிமேல் கணக்கில் சித்தியடைந்தவர்களுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. டவுனிலிருந்து யாராவது வந்தால் ஜீவராணி மறுபடியும் கூடையை மாட்ட வேண்டியதுதான். ஆகவே அவளும் அதே பரீட்சையில் கணக்கை மட்டும் எழுத வெளியாளாக விண்ணப்பம் போட்டாள். மகள் படிக்கும் புத்தகத்தையே தாயும் படித்தாள். ரொட்டி சுடும் அடுப்புக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் தாய், நடுவில் மாவு படிந்த கணிதப் புத்தகம்.

"பாஸ் இல்லாட்டி பெயில், ரெண்டுல ஒன்னுதானே? அரைக்கு அரை. பயப்படாத" என்றாள் ஜீவராணி ஒருநாள்.

நிலக்ஷி பென்சிலைக் கடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். "அப்ப நாளைக்கு நீங்க தோட்டத்துத் துரையாவீங்க, இல்லாட்டி ஆகமாட்டீங்க. அதுவும் அரைக்கு அரையாம்மா?"

"ஏன், ஆனா என்ன? மொத வேலையா ஆளுங்களுக்கெல்லாம் சம்பளத்தக் கூட்டுவேன்."

"ரெண்டு முடிவு இருக்கிறதால ரெண்டுக்கும் ஒரே வாய்ப்புன்னு இல்லம்மா. நாணயத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதுனால அரைக்கு அரை. எல்லாமே நாணயம் ஆயிடாது. நிகழ்தகவுல மொதப் பாடமே அதுதான்."

ஜீவராணி ரொட்டியைப் புரட்டினாள். நாணயம் சுண்டிப் பார்த்தது போலத்தான் அவள் கல்யாணமும் நடந்தது.

ஆனி பிறந்ததும் மலைநாட்டில் காற்று தொடங்கும். சும்மா காற்றல்ல. கூரைத் தகரத்தை உரித்துக்கொண்டு போகும் காற்று. பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் விளையாட்டு மைதானம். அதன் ஓரத்தில் ஒரு டர்பண்டைன் மரம். யூகலிப்டஸைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. போன வருட மழைக்குப் பிறகு அது பிள்ளைக்காம்பராப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்பதாகச் சிலர் சொன்னார்கள். முன்பிருந்தே அப்படித்தான் என்று சிலர் சொன்னார்கள். காற்று வீசும்போது அதன் இலைகளிலிருந்து தைல வாசனை பிள்ளைக்காம்பராவுக்குள் வரும், கூடவே ஒரு முனகலும்.

பிரேமினிக்குத்தான் முதலில் பயம் வந்தது. அவளுடைய தனுஷனுக்கு அப்போது எட்டு மாதம், தலைப்பிள்ளை. "ராணியக்கா, இந்த மரம் விழுந்தா நம்ம காம்பரா மேல விழுமா? நான் பிள்ளையப் போட்டுட்டு மலையில நின்னா கை கொழுந்துல இருக்கு, மனசு இங்க இருக்கு."

புத்தகத்தில் அதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது ஜீவராணிக்கு நினைவு வந்தது. இயல்பொத்த முக்கோணிகள் பாடம். மரத்தின் நிழல், கம்பின் நிழல், அதிலிருந்து மரத்தின் உயரம். "இரு பிரேமினி. வெயில் வரட்டும், அளந்தே சொல்றேன்" என்றாள்.

அந்த மாதத்தில் வெயிலுக்குக் காத்திருப்பது கொழும்புக்குப் போன புருஷனுக்குக் காத்திருப்பது போல. ஒரு சனிக்கிழமை காலை மூட்டம் விலகியது. மரத்தின் நிழல் மைதானத்தில் நீளமாக விழுந்தது. ஜீவராணி துணி காயப்போடும் ஆறடி மூங்கில் கம்போடு ஓடினாள். கம்பின் நிழலின் நுனியும் மரத்தின் நிழலின் நுனியும் ஒரே இடத்தில் சேரும்படி நிலக்ஷி கம்பை நிமிர்த்திப் பிடித்தாள். கம்பிலிருந்து நிழல் நுனிவரை எட்டடி. மரத்தடியிலிருந்து கம்புவரை எழுபத்தாறு அடி. அளந்து முடிப்பதற்குள் மூட்டம் மறுபடி இறங்கிவிட்டது. நிலக்ஷி டியூசனுக்கு ஓடினாள். ஜீவராணி படியில் உட்கார்ந்து கணக்கைத் தனியே போட்டாள். ஐம்பத்தேழு அடி என்று வந்தது.

மரத்திலிருந்து பிள்ளைக்காம்பராச் சுவர் அறுபது அடி.

அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. "எட்டாது. சுவருக்கு மூணடி இந்தப் பக்கமே படுத்துரும்" என்று லயம் லயமாகச் சொன்னாள். கண்டாக்கையா சோமசுந்தரம் காதுக்கும் அது போனது. தோட்டத்து மலைகளையும் ஆட்களையும் மேற்பார்க்கும் அவர், "நானும் அதைத்தான் சொன்னேன். பொறுப்பாளர் வேலைக்கு இந்தப் பிள்ளை பேரச் சொல்லணும்" என்றாராம். பிரேமினி நிம்மதியாகத் தனுஷனைக் கொண்டுவந்து போட்டாள். ஜீவராணி அவன் தொட்டிலை ஜன்னலோரம், மரத்தைப் பார்த்த சுவருக்கு அடுத்த கொக்கியில் கட்டினாள். கொஞ்சம் வெளிச்சம் படட்டும் பிள்ளைக்கு என்றுதான்.

அடுத்த வார ஞாயிறு பின்னேரம். வெளியே காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. தாய் செய்த பயிற்சிகளை நிலக்ஷி திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு முக்கோணி, அதற்குள் குறுக்கே ஒரு கோடு, மேலே ஒரு சின்ன முக்கோணி.

"அம்மா, உள்ள இருக்கிற சின்னக் கோடு ஆறு. கீழ இருக்கிற பெரிய கோடு மூணுன்னு எழுதியிருக்கீங்க. பெருசு எப்படிம்மா சின்னதுக்குச் சின்னதாகும்?"

"கணக்கு அப்படித்தானே வந்துச்சு."

"இந்த மிச்சத் துண்ட ஏன் எடுத்தீங்க?"

"புத்தகத்துல ஒத்த பக்கத்த எடுன்னு போட்டிருக்குல்ல? இந்தத் துண்டுதானே எதுலயும் சேராம ஒத்தையா நிக்கிது?"

நிலக்ஷி புத்தகத்தைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, ஒத்தன்னா தனியா நிக்கிறது இல்ல. ஒன்னுக்கொன்னு ஒத்துப்போறது. சின்ன முக்கோணியில ஒரு பக்கம், அதுக்குப் பெரிய முக்கோணியில ஒரு ஜோடி. ஜோடிக்கு முழுப் பக்கத்தயும் எடுக்கணும், மிச்சத்த இல்ல."

"ஒத்தன்னா ஜோடியா?"

"ஆமா."

"ஏன்டி, ஒத்த ரூபான்னா? ஒத்தச் செருப்புன்னா?"

"அது நம்ம பேச்சு. இது புத்தகம்."

ஜீவராணியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இத்தனை வருடம், இரண்டு பரீட்சை, முக்கோணியைக் கண்ட இடமெல்லாம் தனியாக நிற்கும் துண்டைத் தேடித் தேடி எடுத்து, அதற்குத் துணை சேர்த்துப் பார்த்திருக்கிறாள். வாத்தியார் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாரே தவிர, ஏன் இந்தத் துண்டை எடுத்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. வாழ்க்கை முழுதும் தன்னைச் சுட்ட ஒரு சொல்லுக்குப் புத்தகத்தில் இப்படியொரு பொருளா என்று சிரிப்பும் வந்தது, என்னவோவும் வந்தது.

ரொட்டி கருகும் வாசம் வந்தது. அவள் எடுக்கவில்லை.

"நிலா. அந்த மரம்."

நிலக்ஷியின் சிரிப்பு அடங்கியது. பென்சிலை எடுத்தாள். எழுபத்தாறு அல்ல, கம்புக்கு இந்தப் பக்கத்து எட்டையும் சேர்த்து எண்பத்துநான்கு. எட்டடிக்கு ஆறடிக் கம்பென்றால், எண்பத்துநான்கு அடிக்கு அறுபத்துமூன்று.

"சுவரத் தாண்டி மூணடி உள்ள வரும்மா" என்றாள் மெதுவாக. "சரியா ஒரு கம்பு ஒயரம் கொறச்சுப் போட்டிருக்கீங்க."

சுவருக்கு மூன்றடி உள்ளே என்ன இருக்கிறது என்று ஜீவராணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் கட்டிய தொட்டில் அது.

நிலக்ஷி புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள். "அம்மா, கண்டாக்கையா ஒங்க பேரச் சொல்லியிருக்காரு. இப்பப் போய் தப்புன்னு சொன்னா? காத்தும் இன்னும் கொஞ்ச நாள்தான். மரம் விழுகாமலே போகலாம்ல?"

தாய் வேலை இழந்துவிடுவாளோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. ஜீவராணி மகளின் தலையைத் தடவினாள். கருகிய ரொட்டியை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் தூறல். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஜீவராணி அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் போட்ட கணக்கு தப்பு. அந்த மரம் விழுந்தா காம்பராவுக்குள்ள எட்டும்" என்றாள்.

வாய்க்குப் பேர்போன வீரம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். "அடியாத்தே, ஒரு வாரத்துல மரம் வளந்துருச்சாக்கும்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் பிரேமினி சிரிக்கவில்லை. "அக்கா, அன்னைக்கு எட்டாதுன்னீங்க, இன்னைக்கு எட்டும்ங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க? ஒங்க பேச்ச நம்பித்தானே நான் பிள்ளையப் போட்டேன்?"

அந்தக் கேள்விதான் இரவெல்லாம் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. "பிழை என்னோடது பிரேமினி" என்று மட்டும் சொன்னாள்.

கண்டாக்கையா குடையை மடக்கினார். "என்ன ராணி இது? ஆளுங்களக் கெளப்பி விடுறியா? மரம் விழும், இல்லாட்டி விழாது. அரைக்கு அரை. அதுக்குப் பயந்தா தோட்டம் நடத்த முடியுமா?"

அடுப்படியில் தான் சொன்ன அதே வார்த்தை. ஜீவராணிக்கு ஒரு கணம் மகளின் பென்சில் கடிக்கும் முகம் தெரிந்தது.

"விழுமா விழாதான்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. அது ஒரு கணக்கு, அது என் கையில இல்ல. விழுந்தா எங்க விழும்ங்கிறது வேற கணக்கு. அது தொட்டில்ல விழும். மொதக் கணக்கு தெரியாததுனாலதான் ரெண்டாவதப் பாத்துக்கணும்ங்கிறேன். மரத்த வெட்டுறவரைக்கும் பிள்ளைகள கோயில் மண்டபத்துல வச்சுக்கிறேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க."

"அப்ப அந்தப் பொறுப்பாளர் வேலைய மறந்துரு" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றே அவள் தொட்டில் சேலைகளை அவிழ்த்து மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனாள். தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொட்டில் போட்டாள். மண்டபத்துக்கு மூன்று பக்கம் சுவர் இல்லை. படங்கைக் கட்டி மறைத்தாலும் குளிர் வந்தது. சில பிள்ளைகளுக்கு இருமல் கண்டது. தாய்மார் முணுமுணுத்தார்கள். பிரேமினி தனுஷனைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள், அன்றாடப் பேரும் கூலியும் போனாலும் பரவாயில்லை என்று. தண்ணீர்க் குழாயடியில் ஜீவராணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காற்று உச்சத்துக்குப் போனது. ஒரு முழுப்பகல் தோட்டமே ஊளையிட்டது. கீழ் லயத்தில் தகரங்கள் பறந்தன.

மரம் விழவில்லை.

காற்று அடங்கி வெயில் அடித்த காலை, அது எப்போதும்போல நின்று தைல வாசம் வீசியது. "என்னடி ராணி, ஒன் மரம் விழாம நிக்கிதே. அதுவும் ஒன்னையப் போல பரீட்சைக்குப் படிக்குதோ?" என்றாள் வீரம்மா. குழாயடியே சிரித்தது. ஜீவராணியும் பேருக்குச் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மரம் விழவில்லையே என்று ஒரு கணம், ஒரே கணம், தன் மனம் ஏங்கியதை நினைத்துத்தான் அழுதாள். பிள்ளைகளை ஆட்டும் கைக்கு இப்படியொரு நினைப்பா?

"அம்மா, விழாததால ஒங்க கணக்கு பொய்யாகாது. விழும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றாள் நிலக்ஷி.

"எனக்குத் தெரியுது பாப்பா. ஊருக்கு?"

மண்டபத்திலிருந்து அவள் தொட்டில்களை அவிழ்க்கவில்லை. பழைய இடத்துக்கே திரும்பச் சொல்லிக் கண்டாக்கையா இரண்டு முறை ஆள் அனுப்பினார். "மரம் இன்னும் நிக்கிதுல்ல, எப்படி வர்றது" என்று இரண்டு முறையும் அதையே சொல்லி ஆளைத் திருப்பினாள்.

பறந்த தகரங்களைப் பார்க்கத் தோட்டத்து மேலாளரான துரை வந்தார். பிள்ளைக்காம்பரா வெறுமையாகக் கிடப்பது ஏன் என்று கேட்டார். மரத்தைச் சுற்றி வந்தார். மைதானத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வேருக்கு மேலே மண் வாய் பிளந்திருந்தது. கை நுழையும் பிளவு. அவர் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரமே மரம் வெட்டும் ஆட்கள் கயிறும் வாளுமாக வந்தார்கள்.

கயிறு கட்டித் தேயிலைப் பக்கமாக இழுத்துச் சாய்த்தார்கள். மரம் விழுந்த சத்தத்தில் மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. பகல் சாப்பாட்டு நேரம். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடையோடு வேடிக்கை பார்த்து நின்றார்கள். தனுஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரேமினியும் வந்திருந்தாள்.

அவள் பிள்ளையை வீரம்மாவின் கையில் கொடுத்தாள். கிடந்த கயிற்றை எடுத்தாள். அடிக்கட்டையின் உயரத்தையும் சேர்த்து, மரத்தின் நுனிக்கொப்புவரை அதை நீட்டி அளந்து முடிச்சுப் போட்டாள். பிறகு ஒரு நுனியை மரம் நின்ற இடத்தில் கல் வைத்து அழுத்திவிட்டு, மற்ற நுனியை இழுத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே பிள்ளைக்காம்பராவை நோக்கி நடந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கயிறு சுவரைத் தொட்டது. இன்னும் மிச்சம் இருந்தது. பிரேமினி அந்த மிச்சத்தைச் சுவரடியில் தண்ணீர் போகும் துவாரம் வழியே உள்ளே தள்ளினாள். சுற்றி வந்து கதவைத் தள்ளி உள்ளே போய்க் கயிற்றை நேராக இழுத்துவிட்டாள். ஜீவராணியும் பின்னாலேயே போனாள்.

உத்திரத்தில் தனுஷனின் தொட்டில் கட்டிய கொக்கி மட்டும் வெறுமனே தொங்கியது. முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனி அதற்கு நேர் கீழே, தரையில் கிடந்தது.

பிரேமினி கொக்கியைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, தப்புன்னு நீங்க வந்து சொல்லாட்டி, நான் கடைசிவரைக்கும் இங்கதானே போட்டிருப்பேன்."

"நான்தானே மொதல்ல தப்பாச் சொன்னேன்."

"எத்தன அடி தப்புக்கா?"

ஜீவராணி தரையில் கிடந்த கயிற்று நுனியை எடுத்துக் கையில் சுற்றினாள். "ஒத்தக் கம்பு ஒயரம்" என்றாள்.

வீரம்மா வாசலில் நின்று தனுஷனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலும் அன்று பகடி இல்லை. "ராணி, இவனுக்குத் தூக்கம் வருது. எங்க போடுறது, சொல்லு" என்றாள்.

ஜீவராணி ஜன்னல் வழியாக மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தாள். மரம் இருந்த இடத்தில் வானம் பெரிதாகத் தெரிந்தது. பொறுப்பாளர் வேலைக்கு அவள் பெயரை யாரும் இன்னும் எழுதவில்லை. பரீட்சையும் இனிமேல்தான். அவள் மண்டபத்துக்குப் போய்த் தனுஷனின் தொட்டில் சேலையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். அதே கொக்கியில், வெளிச்சம் படும்படியாக, இறுக்கிக் கட்டினாள்.